‘ஃபேட் சான்ஸ்’ என்றால் பெரிய வாய்ப்பு அல்ல

ஆங்கிலத்தில் ‘ஸ்லிம் சான்ஸ்’ (slim chance) என்றால் குறைந்த வாய்ப்பு, ‘ஃபேட் சான்ஸ்’ (fat chance) என்றால் நிறைய வாய்ப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலாவது சரி. இரண்டாவது தலைகீழ். ‘ஃபேட் சான்ஸ்’ கிண்டலாகச் சொல்வது; வாய்ப்பே இல்லை என்றுதான் அர்த்தம். நாம் ‘கிடைச்சுட்டாலும்!’ என்று இழுத்துச் சொல்வோமே, அதே தொனி. ‘அவன் கடனைத் திருப்பித் தருவானா?’ என்று கேட்டால் வரும் ‘ஃபேட் சான்ஸ்!’, நம் ‘தந்துட்டாலும்!’தான். தயவுசெய்து இதை வாழ்த்தாக யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நண்பருக்கு அது குத்தலாகத்தான் போய்ச் சேரும். ‘குட் சான்ஸ்’ என்றாலே போதும். அப்புறம், ‘யூ பெட்’ (you bet) என்பது பந்தயத்துக்கு அழைப்பதில்லை. ‘கண்டிப்பாக’ என்று ஆமோதிப்பது.