மூன்று பாட்டில் மருந்து

போன கார்த்திகையில் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆறு நாள் முழுகிக் கிடந்து தண்ணீர் வடிந்த சம்பா வயல். பார்க்கிற இடமெல்லாம் மஞ்சள். "என்ன நோய் மாப்ளே இது?" என்று கேட்டிருந்தார். நான் பதில் போடுவதற்குள் அதே படத்தை உரக்கடையில் காட்டி மூன்று பாட்டில் மருந்து வாங்கிவிட்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் எல்லாம் அடி இலைகளில்தான். குருத்து பச்சையாகவே இருந்தது. வெள்ளத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) கரைந்து ஓடியிருக்கும், சோர்ந்த வேரால் மிச்சத்தையும் எடுக்க முடிந்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் நெல், கிழட்டு இலையில் இருக்கும் தழைச்சத்தைப் பிரித்தெடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். அந்த மஞ்சள், பயிர் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய அடையாளம். அதன்மேல் பூஞ்சைக்கொல்லி அடித்து என்ன செய்ய? (குருத்தே வெளுத்திருந்தால் கதை வேறு. இரும்பும் கந்தகமும் பழைய இலையைவிட்டு எளிதில் நகராது, அவை குறைந்தால் இளம் இலைதான் முதலில் வெளுக்கும்.)

இலையில் ஒரு மாற்றம் தெரிந்தாலே நாம் அதை நோய் என்று எழுதிவிடுகிறோம். பயிர் செய்கிற வேலைகளில் பாதியை இப்படித்தான் தப்பாகப் படிக்கிறோம் என்பது என் கட்சி.

மத்தியான வெயிலில் நெல் இலை குழல் மாதிரி சுருண்டுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இலையின் மேல்பக்கத்தில் சில பெரிய செல்கள் உண்டு. அவற்றில் நீர் குறைந்ததும் இலை நீளவாக்கில் மடங்கும், வெயில் படும் பரப்பு குறையும். உள்ளே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, இலைத்துளைகளை மூடச் சொல்லும். சாயங்காலம் இலை விரிந்துவிட்டால் பயமில்லை. விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால்தான் தண்ணீர் வைக்க ஓட வேண்டும். ஏனென்றால் துளையை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது, பயிர் பட்டினி கிடந்துதான் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்ட நம் பெரியவர்களுக்கு இந்த எல்லை ஹார்மோன் பெயர் தெரியாமலே தெரிந்திருந்தது.

என்னை அதிகம் அசத்துவது குலைநோய் என்ற பூஞ்சை நோயின் விவகாரம்தான். அந்தப் பூஞ்சையின் வித்து இலைமேல் ஒட்டிக்கொண்டு, கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 40 மடங்கு அழுத்தத்தைத் திரட்டித் தோலைக் குத்தி உள்ளே போகிறது. தாக்குப்பிடிக்கும் ரகமாக இருந்தால், வந்தவன் யாரென்று பயிர் அடையாளம் கண்டு, அவனைச் சுற்றியுள்ள தன் செல்களைத் தானே கொன்றுவிடும். செத்த செல்லுக்குள் அவனுக்குத் தீனி இல்லை. இலையில் மிஞ்சுவது குண்டூசித் தலை அளவில் ஒரு பழுப்புப் புள்ளி. பயிர் ஜெயித்த சண்டை அது! அதே புள்ளி கண் வடிவில் நீண்டு, நடுவில் சாம்பல் நிறமானால் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காமல் மருந்தடிக்கும் டேங்கைத் தோளில் மாட்டுகிறோம். அதற்கு முந்தின வாரம்தான், பச்சை போதவில்லை என்று மூட்டை மூட்டையாக யூரியாவைக் கொட்டி இலையை மெத்தென்று ஆக்கி, பூஞ்சைக்கு இலை போட்டு வைத்திருப்போம்.

நோயே இல்லாத 'நோய்'கூட உண்டு. அன்றைய உத்தரப் பிரதேசத்தில், இமயமலை அடிவாரமான தராய் பகுதியில் நெல் இலைகளில் துருப்பிடித்ததுபோல் வந்ததைக் கைரா நோய் என்றார்கள். காரணம் கிருமி இல்லை, மண்ணில் துத்தநாகக் குறைவு என்று 1960-களில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். ஜிங்க் சல்பேட் போட்டால் தீர்ந்தது. இன்றும் கைரா நோய் என்றுதான் சொல்கிறார்கள்.

உடனே "பயிரே தன்னைப் பார்த்துக்கொள்ளும், எதுவுமே அடிக்காதே" என்று கமெண்டில் வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதிர்க் கழுத்தில் குலைநோய் விழுந்து ஒரு போகம் முழுக்கப் பதரானதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் தத்துவம் பேசினால் களத்தில் வைக்கோல்தான் மிஞ்சும். மருந்துக்கு நான் எதிரி இல்லை, பார்க்காமல் அடிப்பதற்குத்தான்.

வெள்ளத்துக்குத் திரும்பி வருகிறேன். சாதாரண நெல் முழுகினால் பதறிப்போய், தண்ணீருக்குமேல் தலைநீட்ட வேகவேகமாக வளர்ந்து, சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்துவிடும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாயும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்று வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சத்தைக் கட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். அதைச் சேர்த்த சுவர்ணா சப்1 ரகம் இரண்டு வாரம் வரை முழுகியிருந்தாலும் பிழைக்கும். நம் டெல்டாவுக்கு சிஆர் 1009 சப்1 இருக்கிறது. மச்சான் போட்டிருந்ததும் அதைத்தான், விதை வாங்கும்போதே மருந்தையும் சேர்த்து வாங்கிவிட்டார் என்பது அவருக்கே தெரியவில்லை.

வடிகாலை வெட்டி விட்டு, பத்து நாள் பொறுக்கச் சொன்னேன். முணுமுணுத்தார், ஆனாலும் பொறுத்தார். புதுத் தூர் வெடித்து வந்தது. மூன்று பாட்டிலும் மாட்டுக்கொட்டகைப் பரணில் இருக்கின்றன. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாராம்.