ஸ்டார் தானாக எரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ரெண்டு நாளாக ஆளாளுக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டையே இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். எங்கள் வீட்டு மாடியில் தொங்குகிற, போன் ஆப்பில் நேரம் வைத்தால் தானாக எரிகிற கிறிஸ்மஸ் ஸ்டாரைப் படம் பிடித்துப் போட்டு, "இப்போ கிறிஸ்மஸே ஆப்புலதான் வருது, பிள்ளைங்க பாசமும் அப்படித்தான்" என்று நம்ம ஊர் அண்ணாச்சி ஒருவர் எழுதியதையும், கீழே சிரிப்பு எமோஜியோடு பாதி ஊர் வந்து நின்றதையும் பார்த்தாயிற்று. பெயர் போடவில்லையாம். பச்சை கேட் தெளிவாகத் தெரிகிற படத்தில் பெயர் வேறு எதற்கு?

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மாவே போனில் "யாரோ நம்ம ஸ்டாரப் பத்தி எழுதிருக்காவளாமே மக்ளே" என்று கேட்டபிறகு எப்படிப் பேசாமல் இருக்க?

முதலில் ஒரு விஷயம். சுவிட்சைப் போடுவது கிறிஸ்மஸ் இல்லை. ஸ்டார் எரிய வேண்டும், அவ்வளவுதான். எந்த விரல் அதை எரிய வைத்தது என்று மேலே யாரும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதவில்லை.

நான் செய்தது என்ன பெரிய விஞ்ஞானமா? ஸ்டாருக்கும் சீரியல் செட்டுக்கும் கரண்ட் எடுக்கிற பிளக் பாயிண்ட் எங்கள் வீட்டில் மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கிறது. டிசம்பரில் நாகர்கோவில் பக்கம் எப்போது மழை பெய்யும் என்று யாருக்கும் தெரியாது, படி எப்போதும் ஈரமாகத்தான் கிடக்கும். நான் இருப்பது பெங்களூரில், அங்கே இருக்கிற அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி. சாயங்காலம் ஏறிப் போட வேண்டும், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் மறுபடி ஏறி அணைக்க வேண்டும். அதனால் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான ஒரு ஸ்மார்ட் பிளக்கை, அதாவது ஆப்பில் சொன்ன நேரத்துக்குத் தானாகக் கரண்டைக் கொடுத்து நிறுத்துகிற பிளக்கை, அங்கே சொருகிவிட்டு வந்தேன். சூரியன் மறையும்போது எரியும், பதினொரு மணிக்கு அணையும். 25ஆம் தேதி மட்டும் அதிகாலை மூன்றரைக்கே எரியும், ஆராதனைக்குக் கிளம்புகிற நேரத்தில் வாசல் இருட்டாக இருக்கக்கூடாது என்பதற்காக.

சூரியன் மறையும் நேரம் என்று வைத்ததிலும் ஒரு காரணம் இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் ஊரில் சுமார் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், ஜனவரி முதல் வாரத்தில் ஆறேகாலைத் தாண்டும். ஊர் எது என்று ஆப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால் இந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். (எப்படி செட் செய்வது என்று கேட்ட நல்ல உள்ளங்களுக்கு: இந்த மாதிரி பிளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் வேலைக்கு ஆகும். உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் அதே பெயரில் இருந்தால் கொஞ்சம் அடம்பிடிக்கும், முதலில் அந்த 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு முயற்சி செய்யுங்கள்.)

இதைத்தான் சோம்பேறித்தனம் என்கிறார்கள். "உங்க அப்பா இருந்தப்போ இப்படியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவை இழுத்துவிட்டீர்கள், அப்போது அப்பாவைப் பற்றியும் பேசிவிடுவோம்.

அப்பா மூங்கில் சிம்பு கட்டி, கலர் காகிதம் ஒட்டி, உள்ளே 60 வாட் குண்டு பல்பு வைத்து ஸ்டார் செய்வார். மழை வந்தால் பாலிதீன் தாளால் மூடுவார். எல்லாம் உண்மை. ஆனால் கிறிஸ்மஸ் குடிலுக்குள் இருந்த சின்ன பல்பு மட்டும் மினுக் மினுக்கென்று எரியுமே, நினைவிருக்கிறதா? ட்யூப்லைட் ஸ்டார்ட்டரை அந்த பல்போடு சீரிஸில் கொடுத்திருப்பார். ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற தகடு சூடானால் வளைந்து தொடும், ஆறினால் விலகும், பல்பு தானாக எரிந்து தானாக அணையும். அந்தக் காலத்தில் தெருப்பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தது அதைத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கையால் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருக்க அவருக்குத் தெரியாதா என்ன? அவர் கையில் இந்த பிளக் கிடைத்திருந்தால் கோழிக்கூண்டு வரைக்கும் மாட்டியிருப்பார்.

இன்னும் பின்னால் போங்கள். கிறிஸ்மஸ் மரத்தில் முதன்முதலில் மின்விளக்கு கட்டியவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், 1882இல், நியூயார்க்கில் தன் வீட்டில். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகள். அந்த மரத்தை ஒரு மோட்டார் சுழற்றியது, சுற்றச் சுற்ற பல்புகள் தானாக அணைந்து தானாக எரிந்தன. வேடிக்கை பார்க்க வந்த பத்திரிகைக்காரர் ஜான்சனுக்குப் பாசம் இல்லை என்று எழுதவில்லை.

ஏன் அவ்வளவு தூரம்? மணிக்கு ஒருமுறை கோபுரத்து ஸ்பீக்கரில் நேரமும் ஒரு வசனமும் சொல்கிற சர்ச்சுகள் நம் பக்கம் எத்தனை? உள்ளே ஆள் உட்கார்ந்தா சொல்கிறார்? கோயில்களில் தீபாராதனை நேரத்துக்கு மோட்டார் வைத்த முரசும் மணியும் அடிக்கின்றன, கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதெல்லாம் பக்தி. எங்கள் வீட்டு ஸ்டார் மட்டும் சோம்பேறித்தனம். நல்ல நியாயம்!

"நெட் போனா என்ன பண்ணுவே?" ஒன்றும் பண்ண மாட்டேன். நான் வாங்கியதில் நேரக்கணக்கு பிளக்குக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. கரண்ட் போய் வந்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி வைத்திருக்கிறேன். அதுவும் கெட்டால் பக்கத்திலேயே பட்டன் இருக்கிறது, கையால் அமுக்கலாம்.

"கரண்ட் பில்?" எல்இடி ஸ்டார், சீரியல் செட் எல்லாம் சேர்த்து 30 வாட். டிசம்பர் 1 முதல் மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6) வரைக்கும் தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஐந்தரை யூனிட் சொச்சம். பிளக் குடிப்பதற்கு இன்னொரு யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 60 வாட் பல்பு ஒன்றே பதினோரு யூனிட் இழுத்திருக்கும். கேட்டவருக்கு வீட்டில் இரண்டு ஏசி, அது வேறு விஷயம்.

"ஹேக் பண்ணிருவான்." பண்ணட்டும். ஸ்டாரை அணைத்துவிட்டுப் போகட்டும்.

ஆள் கவனிக்காமல் மழையில் லைட் எரிவது ஆபத்து என்று ஒரு தங்கை நாகரிகமாக எழுதியிருந்தார். அது நியாயமான கேள்வி. போர்டில் ஆர்சிசிபி என்கிற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறது, கரண்ட் கசிந்தால் டிரிப் ஆகும், மாடியில் உள்ள கனெக்ஷன்களை எலக்ட்ரீஷியனை வைத்து மூடிய பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். அப்புறம், ராத்திரி முழுக்க மறந்து எரியவிடுவதைவிட பதினொரு மணிக்கு அணைவது நல்லதுதானே.

சரி. இதெல்லாம் யாருக்கும் பிரச்சினை இல்லை என்று எனக்கும் தெரியும். பிரச்சினை அந்த ஒரு கமெண்ட். "வந்து போட வேண்டியதுதானே." எத்தனை லைக் அதற்கு!

வருகிறேன் அண்ணாச்சி. பெங்களூரில் எனக்கு டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து சம்பளத்தோடு ஸ்டார் லீவு கொடுக்கும் கம்பெனி எது என்று மட்டும் சொல்லுங்கள். 23ஆம் தேதி ரயில் டிக்கெட்டுக்கு வெயிட்டிங் லிஸ்டில் நின்றவர்களுக்குத் தெரியும் இந்த "வந்து" என்பது எவ்வளவு தூரம் என்று. அம்மாவை இங்கே கூட்டிவரவில்லையா என்று அடுத்து கேட்பீர்கள். வர மாட்டேன் என்கிறார். அவருடைய சர்ச்சு, அவருடைய கோழிகள், அவருடைய வீடு. இழுத்து வந்திருந்தால் "பூர்வீக வீட்டைப் பூட்டிப் போட்டுட்டா" என்று அதற்கும் ஒரு பதிவு வந்திருக்கும்.

முதல் நாள் ஸ்டார் தானாக எரிந்தபோது அம்மா போன் செய்து, "காப்பியக் குடிச்சிட்டு நிமிந்து பாக்கேன், லைட்டு எரிஞ்சிட்டு மக்ளே" என்று சிரித்த சிரிப்பு எனக்குப் போதும். அதை ஆப்பில் வந்த பாசம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்றுதான் தெரியவில்லை. இவ்வளவுக்கும் படம் எடுக்க கேட் வரைக்கும் வந்திருக்கிறீர்கள். அம்மா உள்ளேதான் இருந்தார். கேட் பூட்டவில்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் முறுக்கும் காப்பியும் கிடைத்திருக்கும். போனை எடுத்தீர்கள், படம் பிடித்தீர்கள், போய்விட்டீர்கள். பாசத்தைப் பற்றி எழுத வேறு செய்கிறீர்கள்.

இந்த வாரக் கடைசியில் குடிலுக்கும் ஒரு பிளக் ஆர்டர் போடப்போகிறேன். கமெண்ட் பகுதியை மூடவில்லை. "வந்து போட வேண்டியதுதானே" என்று எழுத வருகிற ஆண்கள் மட்டும், தங்கள் வீட்டு ஸ்டாரைத் தினமும் மாடியேறிப் போடுவது யார், அணைப்பது யார் என்று முதல் வரியில் எழுதிவிட்டு ஆரம்பிக்கவும்.