நாயை ஏற்றிப் போன வீரர்களுக்கு

வெள்ளி இரவு நம்ம ஒழுங்கையில் நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வீடியோ எல்லாரிடமும் இருக்கிறது. பதினொரு நாயைச் சாக்கில் கட்டி, லொறியில் ஏற்றி, புல்லுமலைப் பக்கம் இறக்கிவிட்டு வந்து "சுத்தமான ஊர்" என்று படமும் போட்டாச்சு. வாழ்த்துகள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஊரில் எத்தனை நாய் இருக்கும் என்பதை முடிவு செய்வது சாப்பாடு. சந்திக்குச் சந்தி மீன் குடலும் சோத்துப் பார்சலும் கிடக்கிற வரைக்கும், அதைத் தின்ன எத்தனை நாய்க்கு முடியுமோ அத்தனை நாய் வரும். பதினொன்றை எடுத்தால் பதினொன்றுக்கு இடம் காலி.

"ஒரு சோடி ஆறு வருசத்தில் 67,000 ஆகும்" என்று வாட்ஸ்அப் கணக்கு அனுப்பியவருக்கு: அப்படி ஆகியிருந்தால் கல்லடிப் பாலத்தில் இன்றைக்கு நாய்க்கு மேலால்தான் நடக்கவேண்டும். பெட்டை நாய் இரண்டு மாதம் சுமக்கும், வருசத்துக்கு இரண்டு தரமும் ஈனும், சரி. ஆனால் தெருவில் பிறக்கிற குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வயதைக் காண்பதில்லை. பட்டினி, சொறி, மோட்டார் சைக்கிள். 1838இல் வெர்ஹுல்ஸ்ட் என்ற பெல்ஜியக்காரர் இதைத்தான் சமன்பாடாக எழுதினார். முதலில் மளமளவென்று ஏறும், தீனியும் இடமும் குறையக் குறையத் தளரும், ஒரு மட்டத்தில் நிற்கும். ஏ.எல். பிள்ளைகளுக்கு வருசா வருசம் நான் கரும்பலகையில் கீறுகிற கோடு. நம்ம ஊரில் அந்த மட்டத்தை உயர்த்திப் பிடிப்பது வேலிக்கு வெளியே குடலை வீசுகிற நாம்தான். நானும் வீசியிருக்கிறேன்.

சின்ன வயதில் ஆரையம்பதியில் எங்கள் வளவுக்கு ஒரு கறுவல் நாய் வந்து சேர்ந்தது. அப்பா அதைச் சைக்கிளில் கட்டி, மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவிக்கு அக்கரையில் படுவான்கரையில் விட்டுவிட்டு வந்தார். அப்போது பாலம் இல்லை. ஒரு மாதம் ஆகவில்லை, அதே குசினி வாசலில் ஒரு வெள்ளை நாய் படுத்திருந்தது. அங்கிருந்து எந்த அப்பா ஏற்றிவிட்டாரோ.

"உன் பிள்ளையைக் கடித்தால் தெரியும்" என்கிறீர்கள். என் அக்காவின் மகனைக் கடித்தது. ஊசிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவள் நான். விசர்நாய்க்கடிப் பயம் எனக்குப் புதிதில்லை. அந்தப் பயத்தால்தான் சொல்கிறேன். நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் விசர் பரவாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நீங்கள் ஏற்றிய பதினொன்றில் ஏழு ஊசி போட்டவை. ஊசி போட்டதை அனுப்பிவிட்டு, போடாததுக்குப் பாய் விரித்திருக்கிறோம். அப்புறம், புல்லுமலையில் பிள்ளைகளே இல்லையா?

"குப்பை அள்ளுவது எங்கள் வேலையா?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"நாய்க்காரி" என்று எழுதியவரைத் தெரியும். பெயரை மாற்றினாலும் எழுத்துப்பிழை மாறவில்லை, தம்பி. உனக்கு மூன்று வருசம் உயிரியல் படிப்பித்தவள் நான். பரவாயில்லை. ஆனால் செம்பி உன் வீட்டுப் படியில்தானே படுத்திருந்தாள்? நான் என் காசில் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கருத்தடை செய்வித்த நாய். அடையாளத்துக்குக் காது நுனி வெட்டியிருந்தது. குட்டி போடவே மாட்டாள். புது நாய் ஒன்றையும் ஒழுங்கைக்குள் விடவும் மாட்டாள். சாக்குக்குள் போகும்போதும் வாலை ஆட்டினாள், உன் வீடியோவிலேயே தெரிகிறது.

இன்று காலை மீன்காரம்மா பலகை கழுவுகிற இடத்தில் ஒரு சாம்பல் பெட்டை நின்றது. முதுகெல்லாம் சொறி. முலை கனத்துத் தொங்குகிறது. இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன.