எந்த வருஷத்து ஆஸ்டின்?

"ஆஸ்டின் முன்ன மாதிரி இல்லைங்க." அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்டின் ஊரில், கொலு, பொங்கல் விழா, குழந்தையின் பிறந்தநாள் என்று எங்கே நாலு தமிழர்கள் தட்டோடு நின்றாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. எந்த வருஷத்து ஆஸ்டின் என்று கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 2014-இல் வந்தவருக்கு 2014. எனக்கு 1998. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் பழைய மேனேஜருக்கோ, ஆர்மடில்லோ வேர்ல்டு ஹெட்குவார்ட்டர்ஸ் என்ற பாட்டுக் கொட்டகை 1980-இன் கடைசி இரவில் மூடியதோடு ஊர் முடிந்துபோனது. அவர் கணக்கில் நாமெல்லாம் இழவு வீட்டுக்குத் தாமதமாக வந்தவர்கள்.

நான் வந்து இறங்கியது மியூலர் விமான நிலையத்தில் (உள்ளூர்க்காரர் வாயில் அது 'மில்லர்'). ஊருக்கு நடுவே, குடியிருப்புகளை ஒட்டி இருந்தது. 1999 மே மாதம் அதை மூடிவிட்டு, தென்கிழக்கே பழைய பெர்க்ஸ்ட்ராம் விமானப்படைத் தளத்தில் புதியதைத் திறந்தார்கள். ஓடுபாதை கிடந்த இடத்தில் இன்று வீடுகள், பூங்கா, குழந்தைகள் மருத்துவமனை. கண்ட்ரோல் டவரை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

2001-இல் டெக் துறை சரிந்தபோது வேலைக்குப் பயந்து கிடந்தவர்களுக்கு இன்டெல் எலும்புக்கூடு மறந்திருக்காது. சிப் கம்பெனியான இன்டெல் டவுன்டவுனில் கட்டிய அலுவலகக் கட்டடம் அது; பாதி கட்டிய நிலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். வெறும் கான்கிரீட் தூணும் தளமுமாக வருஷக்கணக்கில் நின்றது. எங்கள் அலுவலகத்தில் யாரையாவது வேலையை விட்டு அனுப்பினால், மதியச் சாப்பாட்டுப் பேச்சில் அந்தக் கட்டடமும் வந்துவிடும். 2007 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது அங்கே ஃபெடரல் நீதிமன்றம். 1971-இல் திறந்த ஹைலேண்ட் மால் இன்று சமுதாயக் கல்லூரி. ஜேசி பென்னி துணிக்கடை இருந்த இடத்தில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் கணக்குப் போடுகிறார்கள். இதையெல்லாம் இழப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மால் செத்துக் கல்லூரி ஆனால் யாருக்கு என்ன கஷ்டம்?

1990 சென்சஸில் ஆஸ்டின் மாநகரம் 4.65 லட்சம் பேர். 2020-இல் 9.6 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல். அதில் நானும் ஒருத்தன், நீங்களும் ஒருத்தர். நமக்குப் பின்னால் கதவைச் சாத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

உண்மையிலேயே ஊரை இழந்தவர்கள் நம் விருந்துகளில் தட்டேந்தி நிற்பவர்கள் இல்லை. ஐ-35 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருந்தவர்கள். 1928 நகரத் திட்டம், கறுப்பின மக்களுக்கான பள்ளி, பூங்கா எல்லாவற்றையும் கிழக்குப் பக்கமே வைத்து அவர்களை அங்கே தள்ளியது. ஈஸ்ட் அவென்யூ என்ற, மரங்கள் நின்ற அகலமான சாலையைத் தோண்டி, 1962-இல் அந்த நெடுஞ்சாலை வந்தது. பிறகு டவுன்டவுனுக்குப் பக்கத்து நிலம் என்று அதே கிழக்குக்கு மவுசு வந்ததும் விலை ஏறியது, சொத்து வரி ஏறியது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்று நாம் பெருமையடிக்கிறோமே, அந்தப் பாரத்தின் பெரும்பங்கு வீட்டின் தலையில்தான் விழுகிறது. ஓய்வூதியத்தில் இருக்கும் பாட்டி, தன் தாத்தா கட்டிய வீட்டுக்கு வரி கட்ட முடியாமல் விற்றுவிட்டு வெளியூர் போகிறார். 2000-க்கும் 2010-க்கும் இடையில் ஊரின் மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கு கூடியது; கறுப்பின மக்களின் எண்ணிக்கை குறைந்தது.

விலை ஏறியதற்கு, இங்கே குடிவந்த கலிஃபோர்னியாக்காரர்களைத் திட்டுவது இங்கே பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வீடு கட்ட குறைந்தது 5,750 சதுர அடி மனை வேண்டும் என்று பல காலம் சட்டம் வைத்திருந்தது யார்? ஆள் வந்துகொண்டே இருக்க, வீடு மட்டும் கட்டாதே என்றால் விலை என்னாகும்? 2023 டிசம்பரில்தான் நகர மன்றம் ஒரு மனையில் மூன்று வீடு வரை கட்டலாம் என்றது. அடுத்த வருஷம் குறைந்தபட்ச மனை 1,800 சதுர அடி ஆனது. அதற்கு முன்பே தொடங்கிய அடுக்ககங்கள் வரிசையாக முடிந்து ஆயிரக்கணக்கில் வீடுகள் சந்தைக்கு வந்ததும், 2022-க்குப் பிறகு வாடகை இறங்கியது. அந்த அடுக்ககங்களைப் பார்த்துத்தான் "ஊரே கெட்டுப்போச்சு" என்கிறோம்.

எனக்கும் ஏக்கம் உண்டு. டவுன்டவுனில் ஃப்ராஸ்ட் பேங்க் கோபுரத்தின் ஆந்தை முகம் போன்ற உச்சி 2004-இல் ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். இன்று பெரிய கட்டடங்களுக்குள் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் நான் அதிகம் தேடுவது, அப்போது எங்கள் அபார்ட்மெண்டில் மேல்வீட்டில் இருந்த கிடார்க்காரரை. பார்களில் வாசித்துக் கிடைத்த காசில், என்னைப் போன்ற சாஃப்ட்வேர்க்காரன் கொடுத்த அதே வாடகையை அவராலும் கொடுக்க முடிந்தது. இன்று அப்படி ஒருவர் அதே தெருவில் குடியிருக்க, அந்தத் தெருவில் இன்னும் நிறைய வீடுகள் வேண்டும்.

போன வாரம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு வந்தது. பக்கத்துக் காலிமனையில் நாலு மாடி அடுக்ககம் வேண்டாமாம், ஏரியாவின் 'பழைய அழகு' போய்விடுமாம். இந்த ஏரியாவே 2009-இல் மாட்டுப் பண்ணையை அழித்துக் கட்டியது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.