குறை எஞ்சினில் இல்லை, பல்சக்கரத்தில்
43 சிசி புல்வெட்டி எஞ்சினைப் பொருத்திய சிறு பைக் ஏற்றத்தில் திணறுவதற்கு எஞ்சின் சிறியதாக இருப்பதே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் களை வெட்டிக் கழித்துப்போட்ட அதே அளவு எஞ்சினைக் கொண்டு நானும் ஒன்று செய்தேன். முதலில் 4:1 விகிதத்தில், அதாவது எஞ்சின் நான்கு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும்படி, சங்கிலி போட்டதால், தோட்டத்துப் பாதையின் முதல் மேட்டிலேயே கிளட்சிலிருந்து புகை வந்தது, கழற்றிப் பார்த்தால் கிளட்ச் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்து, அதைப் பிடிக்கும் கட்டைகள் கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தன. 25 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 78 செ.மீ. நகரும் என்பதால், எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடும்போது அந்த விகிதத்தில் பைக் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போயாக வேண்டும். மேட்டில் அது நடவாத காரியம். எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றினால்தான் இந்த வகை கிளட்ச் தானாக இறுகும், ஆகவே மேட்டில் அது முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் பக்கம் 9 பல்லும் பின்சக்கரத்தில் 72 பல்லுமாக 8:1 ஆக்கிய பிறகு அதே எஞ்சின் அதே மேட்டை என்னையும் சுமந்து ஏறியது, வேகம் மட்டும் 40 ஐத் தாண்டவில்லை. இது பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால், மேலே கருத்து எழுதிய ஒருவர் பாதுகாப்புக்காக எண்ணெயைக் கூட்டிக் கலக்கச் சொல்கிறார். லிட்டருக்கு 40 மி.லி. என்ற அளவைக் கடந்தால் ப்ளக் கரிபிடித்து வண்டி நிற்பதுதான் மிச்சம். எண்ணெய்க் கவலை இறக்கத்துக்கு உரியது: த்ராட்டிலை முழுவதும் மூடி உருட்டினால் பெட்ரோலோடு எண்ணெயும் போதிய அளவு உள்ளே போகாது, இடையிடையே சற்றுத் திருகிக் கொடுக்க வேண்டும்.