ஒரு தேதியைத் திருத்திய சட்டம்

2018ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குள் ஒரு சின்னத் திருத்தம் ஒளிந்திருக்கிறது. எது வெளிநாட்டு நன்கொடை என்பதை வரையறுக்கும் 2016 நிதிச் சட்டத்தின் 236ஆம் பிரிவில் ‘2010 செப்டம்பர் 26’ என்று இருக்கும் தேதியை நீக்கி, அந்த இடத்தில் ‘1976 ஆகஸ்ட் 5’ என்று வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அச்சுப் பிழையைச் சரிசெய்தது போலத் தெரியும். சூட்கேஸில் கைமாறிய பணத்தைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிற நாம், இந்த ஒற்றை வரியைப் பற்றிப் பேசாமலேயே விட்டுவிட்டோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இதன் தொடக்கம் 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. ஏடிஆர் என்ற தேர்தல் சீர்திருத்த அமைப்பும், மத்திய அரசின் முன்னாள் செயலாளர் இ.ஏ.எஸ். சர்மாவும் தொடுத்த வழக்கு அது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தாவின் கட்டுப்பாட்டில் இருந்த நிறுவனங்களிடமிருந்து (தூத்துக்குடி மக்கள் நன்கறிந்த அதே ஸ்டெர்லைட்டும் அவற்றில் ஒன்று) பாஜகவும் காங்கிரஸும் நன்கொடை பெற்றது, அரசியல் கட்சிகள் வெளிநாட்டுப் பணம் பெறுவதைத் தடுக்கும் 1976ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் கூறியது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்குமாறு மத்திய உள்துறைக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவிட்டது.

இரண்டு கட்சிகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, அந்நிய முதலீட்டு வரம்புக்கு உட்பட்ட நிறுவனம் வெளிநாட்டு நிறுவனமாகக் கருதப்படாது என்று 2016 நிதிச் சட்டத்தின் வழியாக விளக்கமே மாற்றப்பட்டு, அது 2010இலிருந்தே செல்லும் என்று முன்தேதியும் இடப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் இரு கட்சிகளும் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆனால் திருத்தம் எழுதியவர்கள் கணக்கில் கோட்டை விட்டிருந்தார்கள். வழக்குக்குரிய நன்கொடைகள் பழைய 1976 சட்டம் நடப்பில் இருந்த காலத்தவை; 2010 என்ற தேதி அவற்றை எட்டவில்லை. எனவேதான் 2018இல் அந்தத் தேதி, பழைய சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கே, அதாவது 2018இலிருந்து பார்த்தால் 42 ஆண்டுகளுக்கு முந்தைய நாளுக்கு, நகர்த்தப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்குப் பழகியதுதான். இங்கே மேய்ந்த வேலி, அது மேய்ச்சல் நிலம்தான் என்று பட்டாவையும் மாற்றி எழுதிக்கொண்டது.

அந்த நிதி மசோதா 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுக உறுப்பினர்களும், சிறப்பு அந்தஸ்து கேட்டு ஆந்திர உறுப்பினர்களும் போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். அமளியைச் சாக்கிட்டு அவையை நடத்த முடியவில்லை என்றவர்கள், அதே அமளிக்கு நடுவே மசோதாவை மட்டும் எப்படி நிறைவேற்றினார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆளுங்கட்சி கொண்டுவந்த திருத்தத்தால் முதன்மை எதிர்க்கட்சியும் தப்பித்ததால், அந்தக் கேள்வியை உரக்கக் கேட்க அங்கே பெரிதாக ஆளில்லை.

1976 சட்டத்துக்குப் பதிலாக 2010இல் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020 செப்டம்பரில் மீண்டும் திருத்தப்பட்டது, இம்முறை தொண்டு நிறுவனங்களுக்கு. டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் கணக்குத் தொடங்க வேண்டும், நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைய வேண்டும், பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிரக் கூடாது என்று கட்டுப்பாடுகள் இறுகின. ஆதரவற்ற குழந்தைகளுக்கு விடுதி நடத்துபவருக்கு ஒரு சட்டம், அந்தச் சட்டத்தை இயற்றுபவருக்கு வேறொன்று.

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு வங்கி வழியே பணம் தர உதவிய தேர்தல் பத்திரத்தின் கதை அனைவரும் அறிந்தது என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். அதுவும் 2017 நிதிச் சட்டம் என்ற அதே வாசல் வழியாகத்தான் வந்தது. ரிசர்வ் வங்கி ஆட்சேபித்தது. தேர்தல் ஆணையம் பின்னோக்கிய நடவடிக்கை என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் நன்கொடை தரக் கூடாது என்ற வரம்பும் அப்போதுதான் நீக்கப்பட்டது. மாநிலங்களவை செய்த ஐந்து திருத்தங்களை மக்களவை மறுநாளே நிராகரித்தது. பண மசோதா என்று முத்திரை குத்திவிட்டால் மேலவைக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டும்தானே மிச்சம்.

நம் ஊர்க் கட்சிகளை இதிலிருந்து விலக்கிவைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2024 மார்ச்சில் விவரங்கள் வெளியானபோது, பத்திரங்களை அதிகம் வாங்கியது கோயம்புத்தூரில் இயங்கும் ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம் என்பதும், அதன் தொகை 1,368 கோடி ரூபாய் என்பதும் தெரியவந்தது. திமுக அந்நிறுவனத்திடம் 509 கோடி ரூபாய் பெற்றிருந்தது. கொடுத்தவர் பெயரைத் தானே தெரிவித்த மிகச் சில கட்சிகளில் திமுகவும் ஒன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் 2003 முதல் லாட்டரிக்குத் தடை உள்ள மாநிலத்தின் அப்போதைய ஆளுங்கட்சி அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபோது நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தவன்தான். ஆனால் அத்திட்டத்துக்கான சட்டத் திருத்தங்களைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தது சரியா என்ற கேள்விக்குள் அந்தத் தீர்ப்பு நுழையவில்லை. ‘1976 ஆகஸ்ட் 5’ என்ற அந்தத் தேதியையும் அது தொடவில்லை.