ராஜினாமா செய்தால் கதிரை யாருக்கு?

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வழக்கமாக முடி வெட்டும் சலூனில் எந்நேரமும் தமிழ்நாட்டுச் சானல்தான் ஓடும். போன ஞாயிறு அதில் ஏதோ ஒரு இடைத்தேர்தலைப் பற்றி நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். வெட்டுகிற தம்பி ஹட்டன் பக்கம். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "ஏன் அண்ணே, நம்ம நாட்டுல மட்டும் இப்படி ஒன்னு வர்றதே இல்ல?" என்று கேட்டான்.

கழுத்துக்குப் பக்கத்தில் கத்தி இருக்கும்போது அரசியல் பேசுவதில்லை என்பது என் கொள்கை. "முறை வேற தம்பி" என்று முடித்துவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அங்கே தொகுதிக்கு ஒரு ஆள். 2024இல் விளவங்கோட்டில் விஜயதரணி காங்கிரஸை விட்டு பா.ஜ.க.வுக்குப் போனார், பதவியையும் விட்டார். அந்த ஊர்க்காரர்களே ஏப்ரலில் மறுபடி வாக்களித்து தாரகை கத்பர்ட்டைத் தெரிவு செய்தார்கள். இங்கே இலங்கையில் 1989 முதல் தேர்தல் மாவட்டக் கணக்கில். ஒருவர் விலகினால், அதே கட்சியில் விருப்பு வாக்கில், அதாவது வேட்பாளரின் இலக்கத்தில் நாம் போடும் புள்ளடியில், அடுத்து நிற்பவர் உள்ளே போவார். நம்மை யாரும் கேட்பதில்லை.

கொழும்புக்காரர் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் முஜிபுர் ரஹ்மான் மேயர் வேட்பாளராக நிற்க எம்.பி. பதவியை விட்டார். ஏ.எச்.எம். பௌசி அந்த இடத்துக்கு வந்தார். மார்ச் 9 நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலோ காசில்லை என்று தள்ளிப்போய், 2025 மே மாதம்தான் நடந்தது. முஜிபுர் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பிறகு 2024 மேயில் டயானா கமகே பதவியிழக்க, அந்தத் தேசியப் பட்டியல் கதிரையில், அதாவது மாவட்டத்தில் வெல்லாமல் கட்சியே ஆள் போடும் கதிரையில், அவர் திரும்பி வந்தார். இவ்வளவுக்கும் ஒரு விரலில்கூட மை படவில்லை.

அப்பாவுக்கு இடைத்தேர்தல் என்றால் ஒன்றே ஒன்றுதான்: காங்கேசன்துறை. புதிய குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்ட, அந்தத் தொகுதி எம்.பி.யான தமிழ்த் தலைவர் செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் பதவியைத் துறந்தார். அவசரகால நிலையைச் சொல்லிச் சொல்லி 1975 பெப்ரவரி 6 வரை இழுத்தார்கள். இரண்டு வருடமும் நான்கு மாதமும் தொகுதிக்கு ஆளே இல்லை. அவருக்கு 25,927 வாக்கு, கம்யூனிஸ்ட் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. அப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. காலையில் மாத்திரை போட்டாரா என்பது மறந்துவிடும், இந்த இரண்டு எண்ணும் மறக்காது. நடக்க ஏலாத அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனாராம். அப்பம்மா வழி முழுக்கக் கேட்டது, "இவ்வளவு நாளும் கேக்காதவங்கள், இப்ப ஏன் கேக்கிறாங்கள்?"

ஆக, இடைத்தேர்தல் இருந்த காலமும் பொற்காலமில்லை. ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன தன் கட்சி எம்.பி.மாரிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டதும், 1983 மேயில் ஒரே நாளில் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்ததும் இதே நாட்டில்தான்.

அதனால் அந்த முறையை அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கணக்குப் பாருங்கள். கொழும்பு மாவட்டத்துக்கு இப்போது 18 ஆசனங்கள். சின்னக் கட்சி ஒன்று விகிதாசாரத்தால் அதில் ஒன்றைப் பிடிக்கிறது, அந்த ஆள் விலகுகிறார் என்று வையுங்கள். அந்த ஒற்றைக் கதிரைக்கு மாவட்டம் முழுவதும் வாக்களித்தால் பெரிய கட்சி அள்ளிக்கொண்டு போய்விடும். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று சிதறிக் கிடக்கிற நம் வாக்கு எந்த மூலைக்கு? பௌசிக்கு ஒரு இலக்கம் இருந்தது, அந்த இலக்கத்தில் புள்ளடி போட்டவர்கள் இருந்தார்கள். அது சரி.

எனக்கு வயிறு எரிவது தேசியப் பட்டியலில். 2022 ஜூனில் பசில் ராஜபக்ச விலக, தொழிலதிபர் தம்மிக்க பெரேரா அந்த இடத்துக்கு வந்தார். பெற்றோலுக்கு நாங்கள் விடிய விடிய வரிசையில் கிடந்த மாதம் அது. 2020 தேர்தலில் எந்த மாவட்டத்திலும் அவருக்கு இலக்கம் இல்லை. அப்போ யார் போட்ட புள்ளடி அது? தேர்தலுக்கு முன் மக்களுக்குக் காட்டிய பெயர்களில் ஒன்றைத்தான் வெற்றிடத்துக்குப் போடலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். புதிய அரசியலமைப்பு வரட்டும் என்று அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "செல்வநாயகம் விலகேக்க அடுத்த இலக்கக்காரன் போயிருந்தா, நான் ஏன் அம்மாவைச் சைக்கிளில ஏத்திறன்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் சலூனுக்கும் போக வேண்டும்.